கழுத்தில் தொங்கிய மௌனம்

தொண்டையில் வளர்ந்திருந்த சின்ன முடிச்சை எடுத்துப் போட்ட வேலூர் டாக்டரம்மா, இரண்டு வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று சொன்னபோது என் வீட்டுக்காரரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொங்கல் போனஸ் வந்த முகம். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வண்டியில் பின்னால் எத்தனை பேர் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டிப் பழகியவர். அந்தப் பழக்கம் வீட்டில் என்னிடம் மட்டும் பலித்ததே இல்லை.

"ஒரு வார்த்தை கூட பேசக் கூடாதுங்களா மேடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசம். இருமலையும் அடக்கிக்கணும். முக்கியமா, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துச் சொன்னார்: "புண்ணு ஆறுற வரைக்கும் அடங்கி இருந்தீங்கன்னா பாட்டு திரும்பி வரும். இல்லன்னா பேசறதுக்குக் குரல் இருக்கும். பாட வருமான்னு என்னால சொல்ல முடியாது."

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள் நான். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, படித்து, வேலைக்கு வந்து, கல்யாணம் செய்து, பிள்ளையை வளர்த்துப் பெங்களூருக்கு அனுப்பி வைத்தது வரைக்கும் என் வாழ்க்கையில் எல்லாமே யாராவது சொல்லிச் செய்தவைதான். பாட்டு ஒன்றுதான் யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது. அது போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது.

முடிச்சு வந்ததற்குக் காரணமும் அந்தப் பாட்டுதான். நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக ஒரு ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து பழைய பதிகங்களைப் பாடுவோம். நான் முதலில் பாட, மற்றவர்கள் திரும்பப் பாடுவார்கள். எங்கள் மைக் செட் பாவம், வயதானது. இந்தப் பக்கம் கரும்புச் சாறு கடையின் ஒலிபெருக்கி, அந்தப் பக்கம் அன்னதானக்காரர்களின் ஒலிபெருக்கி, நடுவில் காணாமல் போனவர்களைத் தேடும் போலீஸ் அறிவிப்பு. இத்தனையையும் மீறி இறைவனுக்குக் கேட்க வேண்டுமே என்று நான் வருஷக்கணக்கில் கத்தியிருக்கிறேன். முதன்முதலாக என் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "நீங்க பாட்டு பாடறீங்களா, காய்கறி விக்கிறீங்களா?" என்றுதான் கேட்டார்.

வேலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் என் வீட்டுக்காரருக்குப் பழைய சிநேகிதர். "இன்னா அண்ணி, சௌக்கியமா?" என்று கேட்டார். "அவங்க பேச மாட்டாங்கப்பா" என்று என் வீட்டுக்காரர் பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். போளூர் தாண்டும்வரை இருவரும் மாற்றி மாற்றிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பேசாமல் இருப்பதில் பெரிய தொந்தரவு, பேசாமல் இருப்பதற்கான காரணத்தைப் பேசாமல் சொல்ல முடியாது என்பதுதான். ஷேர் ஆட்டோக்காரர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். கையைக் காட்டினேன். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்றார். எதிர்வீட்டு அம்மா எனக்குக் காதும் போய்விட்டது என்று முடிவு கட்டி, வாசலில் நின்று தெருவே கேட்க நலம் விசாரித்தார். கீரைக்காரி நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து ஒரு கட்டு முளைக்கீரையைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள். அது மட்டும்தான் லாபம்.

என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டவள் என் தோழி. எங்கள் பாட்டுக் கூட்டத்தில் சுருதிப் பெட்டி போடுகிறவள். என்னைவிடச் சின்னவள், என்னைவிட வாயாடி. அலுவலகங்களுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.

"அக்கா, செங்கம் ரோட்ல ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரங்க கழுத்துல ஒரு அட்டை மாட்டிக்கினு சுத்துவாங்களே, பேச மாட்டோம்னு போட்டு. அவங்கள ஒருத்தராவது தொந்தரவு பண்றாங்களா? அதே மாதிரி உனக்கும் ஒண்ணு போட்டுடறேன்" என்றாள்.

சொன்ன கையோடு கம்ப்யூட்டரில் கொட்டை எழுத்தில் 'மௌனம்' என்று அடித்து, அச்செடுத்து, லேமினேஷன் செய்து, ஓர் அடையாள அட்டைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். அடியில் 'தொண்டை ஆபரேஷன்' என்று போடச் சொல்லிச் சைகை காட்டினேன். "அசிங்கமா இருக்கும்க்கா, நீட்டா இருக்கட்டும்" என்றாள். கடையில் மிச்சமிருந்த கயிறு காவி நிறம். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, பௌர்ணமியும் இல்லை விசேஷமும் இல்லை, சும்மா ஒரு நாள், இருவரும் செங்கம் ரோட்டுத் திருப்பத்தில் இறங்கி மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். மெதுவாக நடக்கலாம், தூசி மட்டும் படக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் கழுத்தையும் வாயையும் சுற்றி ஒரு துண்டு. தலைக்குக் குளித்திருந்ததால் முடியை விரித்துவிட்டிருந்தேன். நெற்றி நிறைய விபூதி. எப்போதும் போடும் ருத்ராட்சம். புடவை ஒரு காலத்தில் செங்கல் நிறமாக இருந்து, வெளுத்து வெளுத்துக் கிட்டத்தட்டக் காவியாகிவிட்ட பருத்திப் புடவை. இவற்றுக்கு மேலே அந்த அட்டை. வீட்டுக் கண்ணாடியில் பார்க்கும்போது நான் நானாகத்தான் தெரிந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் கால் வலிக்கிறது என்று சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு வேன் வந்து நின்றது. வந்தவாசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அதிலிருந்து பொலபொலவென்று இறங்கியது. அவர்களில் பெரியவர், தோளில் துண்டு போட்டவர், என் அட்டையை வாய்விட்டுப் படித்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நான் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் என் காலடியில் விழுந்துவிட்டார்.

பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். உயர்த்திய கை. அதன் கீழே அவருடைய மனைவி வந்து தலையைக் குனிந்து நின்றார். மனைவிக்குப் பின்னால் மகன், மருமகள். கையைக் கீழே போட முடியவில்லை.

என் தோழி நல்லவள். உண்மையைத்தான் சொன்னாள். "ஐயோ, எழுந்திருங்க! அவங்க சாமியாரெல்லாம் இல்லங்க. தொண்டைல ஆபரேஷன் பண்ணியிருக்குது. அதான் பேசல."

பெரியவர் எழுந்து அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "அப்படித்தாம்மா சொல்லுவாங்க. பெரியவங்க எப்பவும் ஏதாவது ஒண்ணு சொல்லி மறைச்சுக்குவாங்க. எங்க பாட்டனாரு இந்த மலைல வழி தெரியாம நின்னப்ப ஒருத்தர் வந்து கூட்டியாந்து விட்டாரு. நீங்க யாருன்னு கேட்டதுக்கு மாடு மேய்க்கிறவன்னாரு. திரும்பிப் பார்த்தா ஆளும் இல்ல, மாடும் இல்ல."

"இவங்க எங்கயும் மறைய மாட்டாங்க. இப்ப நேரா இட்லி சாப்பிடத்தான் போறாங்க" என்றாள் தோழி.

"பாத்தியா" என்று அவர் மனைவியிடம் திரும்பினார். "சாப்பாட்டு மேல ஆசை இருக்கிற மாதிரியே காட்டிக்கிறாங்க."

இந்த ஊரில் இதுதான் வம்பு. சாமியார் என்று சொல்லிக்கொள்கிறவரை எங்கள் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இல்லை என்று சொல்கிறவரை விடவே மாட்டார்கள். மலையில் சித்தர்கள் நாயாகவும் பிச்சைக்காரராகவும் திரிகிறார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எவ்வளவுக்கெவ்வளவு மறுக்கிறாரோ அவ்வளவுக்கவ்வளவு பெரிய ஆள் என்பது கணக்கு. நானே அப்படி ஒருவரைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறேன். கடைசியில் அவர் செய்யாறிலிருந்து வந்த எல்.ஐ.சி. ஏஜெண்டு.

கடைசி முயற்சியாக, தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

பெரியவர் உருகிவிட்டார். "நஞ்சைத் தொண்டைல நிறுத்தினாரே, அதைச் சொல்றாங்க!" என்று மகனுக்கு விளக்கினார். மகன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அவ்வளவுதான். என் தோழி முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு புங்கமரத்துக்குப் பின்னால் ஓடினாள். மரத்துக்குப் பின்னாலிருந்து கோழி கேறுவது போல ஒரு சத்தம் வந்தது. எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்தால் பாட்டு போச்சு. துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்தேன். ஆபீசில் வரவேண்டிய சம்பள நிலுவையை நினைத்தேன், பல் பிடுங்கிய நாளை நினைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. உடம்பு குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது.

"அம்மாவுக்கு அருள் வந்துடுச்சு" என்று அந்த வீட்டு அம்மா அழ ஆரம்பித்தார். மருமகளும் அழுதாள். அந்த வழியாகப் போன இன்னும் சிலர் நின்று, என்னவென்று கேட்டு, அவர்களும் அழுதார்கள். நான் குலுங்கக் குலுங்க அவர்கள் கும்பிட, அவர்கள் கும்பிடக் கும்பிட நான் குலுங்க, அன்றைக்கு என் தொண்டைப் புண் கிழியாமல் இருந்ததற்கு மலைதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மடியில் வைத்துவிட்டு வேன் ஒருவழியாகக் கிளம்பியது.

தோழி மரத்தைவிட்டு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் ஆரம்பித்தாள். உன்னைப் பார்த்தால் நான் செத்தேன் என்று கையால் காட்டி, வெந்நீர் வாங்கி வரச் சொல்லி அவளை டீக்கடைக்கு விரட்டினேன்.

அப்போதுதான் கவனித்தேன், ஒரு பெண் போகாமல் நின்றிருந்தாள். சுடிதார் போட்டவள், முப்பது வயதுகூட இருக்காது. இவ்வளவு கூத்தும் நடந்தபோது அவள் அங்கேதான் ஓரமாக நின்றிருக்கிறாள். அழவில்லை, கும்பிடவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமாம்மா?"

நான் என்ன செய்வேன், தலையை ஆட்டினேன்.

அவள் மலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். வயிற்றிலிருந்த குழந்தை பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் உள்ளேயே போய்விட்டது. பெண் குழந்தை. வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவள் வாயெடுத்தாலே, "சின்ன வயசுதானே, அடுத்தது வரும்" என்கிறார்கள். அம்மா கோயில் பெயர் சொல்கிறாள். மாமியார் லேகியம் வாங்கி வருகிறார். கணவன் பாவம், பேச்சை மாற்றி டிவியைப் போட்டுவிடுகிறான். "பேரெல்லாம் வச்சிருந்தேம்மா. அவருக்குக் கூட சொல்லல. பொறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

என்னிடம் பேச்சு இருந்திருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேலூரில் எந்த டாக்டர் ராசியானவர், எந்த ஊர் அம்மனுக்குத் தொட்டில் கட்ட வேண்டும், என் நாத்தனாருக்கு எப்படி அடுத்தடுத்து இரண்டு பிறந்தன, எல்லாவற்றையும் நான் கொட்டியிருப்பேன். அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. நாக்கு நகரக் கூடாது. உட்கார்ந்திருந்தேன். அவள் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள், பின்னி வைத்த குல்லாயைப் பற்றிச் சொன்னாள், திரும்பச் சொன்னாள். என் கண்ணில் மறுபடியும் தண்ணீர் வந்தது. அது வேறு தண்ணீர்.

கடைசியில் எழுந்து, "எதுவும் சொல்லாம கேட்டதுக்கு நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு அடி அண்ணாமலைப் பக்கமாக நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். மனசு உறுத்தியது. வந்தவாசிக்காரர் ஏமாந்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவர் ஏமாறுவதில் சந்தோஷமாகத்தான் இருந்தார். இந்தப் பெண்? யாரோ ஒரு ஞானி என்று நம்பி மனசைத் திறந்தாளே, அந்த ஞானி அப்புறம் போய் இட்லியும் பூரி மசாலாவும் தின்றதை அவள் அறிவாளா? இதைத் தோழியிடம் எழுதிக் காட்டவும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் சொன்னது அவளுடையது.

மிச்ச நாட்களில் வெளியே போகாமல் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாய் அசையாமல் படித்தேன். அதுவரை ஒரு பாட்டைக் கூட நான் அப்படிப் படித்ததில்லை. ராகம் என்னை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். தன் துயரத்தை ஒருவர் மண்ணில் புரண்டு அழுது சொல்லியிருக்கிற பாட்டை நான் வருஷக்கணக்கில் கல்யாண ஊர்வலம் மாதிரி ஜால்ரா போட்டுப் பாடியிருக்கிறேன். படிக்கப் படிக்க வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இன்னொன்றும் தெரிந்தது. இந்தப் பாட்டுகளில் ஒருவர் சொல்லிக்கொண்டே போகிறார், திட்டுகிறார், கெஞ்சுகிறார். எதிரே இருப்பவர் ஒரு வார்த்தை பதில் பேசுவதில்லை. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து பேசியது மாதிரியேதான் இருந்தது. மாடியில் துணி காயப்போடும்போது மலையைப் பார்த்தேன். அது வழக்கம்போலச் சும்மா இருந்தது.

இரண்டு வாரம் முடிந்து வேலூர் போனோம். டாக்டரம்மா, "ஆ சொல்லுங்க" என்றார். என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நான் சாமி கும்பிட்டுவிட்டு வாயைத் திறந்தேன். தகர டப்பாவை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு, கீழ்ச் சுருதியில் வந்து நின்றது. நான் மேலே போகப் பார்த்தேன். அங்கே வெறும் காற்றுதான் இருந்தது.

"கீழ நல்லா இருக்குது. மேல போகாதீங்க. நாளாக நாளாக வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. "இனிமே சிரிக்கலாம்."

பாதிதான் கிடைத்தது. ஆனால் அந்தப் பாதிக்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலூரிலிருந்து திருவண்ணாமலை வரை ஒரு நிமிடம் விடாமல் பேசிக்கொண்டு வந்தேன். "அட்டை வீட்லதான இருக்குது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன்.

பௌர்ணமி வந்தது. அடி அண்ணாமலையில் ஜமுக்காளம் விரித்தோம். மேல் ஸ்தாயி வருகிற இடங்களையெல்லாம் தோழி எடுத்துக்கொண்டாள். நான் கீழே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பாதை நிறைய ஜனம். ஒரு பாட்டு முடிந்து தண்ணீர் குடிக்க நிமிர்ந்தால், அந்தப் பெண் எதிரே நிற்கிறாள். கையில் மைக்கோடு, வாயைத் திறந்தபடி நான்.

"அம்மாடி, நான் சாமியாரு இல்லம்மா" என்று உளறினேன். மைக் அணைந்திருக்கவில்லை. போகிறவர்களில் இரண்டு பேர் உடனே கும்பிட்டார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியும்மா. உங்களுக்கு தொண்டைல ஆபரேஷன். இந்த அக்கா அன்னிக்கு சொன்னாங்களே."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட...?"

"சாமியாருன்னா ஏதாவது சொல்லுவாங்களேம்மா" என்றாள். "உங்களால எதுவும் சொல்ல முடியாதுன்னுதான் வந்து உட்காந்தேன்."

அன்றைக்கு அந்தப் பாதையில் அத்தனை பேர் இருந்தார்கள். என் தோழி சொன்ன உண்மையை நம்பிய ஒரே ஆள் இவள்தான். நான் மைக்கை ஜமுக்காளத்தில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குக் குரல் வந்துடுச்சில்ல. ஒரு தாலாட்டு பாடுவீங்களா?" என்று கேட்டாள். பாட்டின் நடுவே குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டுமே. என் காதோரம் குனிந்து அதைச் சொன்னாள். அவளுக்குப் பிறகு அந்தப் பெயர் தெரிந்த முதல் ஆள் நான். அதை இங்கே எழுத மாட்டேன்.

தாலாட்டுக்கு மேல் ஸ்தாயி தேவையில்லை. என்னிடம் மிச்சமிருந்த குரல் அதற்குப் போதும், கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மைக்கை மறுபடி எடுத்துக்கொண்டு, சுருதியைக் குறைக்கச் சொன்னேன். இவளுக்குப் பைத்தியமா என்று எங்கள் பெண்கள் பார்த்தார்கள். ஆனால் ஆராரோ என்று ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள், பிள்ளை பெற்றவர்கள்தானே எல்லோரும். கரும்புச் சாறு கடைக்காரர் தன் பாட்டை நிறுத்தியதற்கு என்ன காரணமோ, மின்சாரமாகக்கூட இருக்கலாம். நான் கத்தவில்லை. அந்தப் பெயர் வருகிற இடத்தில் நன்றாக, நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி பாடினேன்.

ஏதோ அம்மனின் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும். நடந்து போய்க்கொண்டிருந்த கூட்டம் தலைக்கு மேல் கையைக் குவித்து, அந்தப் பெயரைச் சொல்லி, "அரோகரா!" என்று கத்தியது. பின்னால் வந்தவர்களும் கத்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும். பெயர் பாதையோடு வளைந்து மலையைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் நானும் ஆரம்பித்துவிட்டேன், வாய்விட்டு, வயிறு வலிக்க. என் தோழி துண்டைத் தேடினாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன், அந்தக் கைக்குக் கீழே யாரோ ஒருவர் வந்து தலையைக் குனிந்து நின்றார்.